ஜன்னலோர உலோகப் பட்டைகள் வெளுத்துவிட்டன: பாலிஷ் போடுவதா, முலாம் பூசுவதா?

மங்கியபட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முப்பது வயதைத் தாண்டிய நான்கு கதவுக் கார் ஒன்றைக் கடந்த ஓராண்டாக விடுமுறை நாள்களில் சீர்செய்து வருகிறேன். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. வெளிப்புறப் பெயிண்டும் பார்க்கும்படியாகிவிட்டது. பெயிண்ட் பளபளக்கத் தொடங்கிய பிறகுதான், ஜன்னல்களைச் சுற்றியிருக்கும் உலோகப் பட்டைகள் எவ்வளவு கெட்டுப்போயிருக்கின்றன என்பது கண்ணில் பட்டது. கதவுக் கண்ணாடியின் அடியோரம் ஓடும் நீளப் பட்டைகளும், கூரையோர நீர்க்காலைக் கவ்வியிருக்கும் பட்டைகளும் பால் சிந்திக் காய்ந்ததுபோல் வெளுத்திருக்கின்றன. சில இடங்களில் மேலிருந்து கீழாக வழிந்த தாரைகள்கூட அப்படியே பதிந்துள்ளன.

உலோகப் பாலிஷை வைத்து இரண்டு மாலைப்பொழுதுகள் தேய்த்துப் பார்த்தேன். கை வலித்ததே தவிர வெண்மை சிறிதும் குறையவில்லை. துணியும் ஏறக்குறைய சுத்தமாகவே இருந்தது. பொறுமையிழந்து, பின்கதவுப் பட்டையின் ஓரத்தில் விரலகலத்துக்கு 1000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, அதன்மேல் அதே பாலிஷைப் போட்டபோது துணி கரிபோல் கறுத்தது. அந்த இடம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆறு வாரங்களில் அந்த இடமும் சாம்பல் பூத்துவிட்டது.

இதற்கு மாறாக, பின்கதவுக்கு அப்பால் உள்ள சிறு முக்கோணக் கண்ணாடியின் சட்டம் அதே பாலிஷுக்கு உடனே பளிச்சென்று ஆனது. அதில் காந்தம் ஒட்டுகிறது. நீளப் பட்டைகளில் ஒட்டவில்லை. ஆகவே சட்டம் குரோமிய முலாம் பூசிய இரும்பு என்றும், பட்டைகள் முலாம் போய்விட்ட அலுமினியம் என்றும் முடிவு செய்திருக்கிறேன். கதவுகளுக்கு இடையே நிற்கும் செங்குத்துப் பட்டைகளில் கறுப்புப் பெயிண்ட் இருக்கிறது. நகத்தால் நெருடினாலே செதில் செதிலாக உரிகிறது.

எல்லாவற்றையும் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டுமா, அல்லது காரிலேயே வைத்துச் செய்யலாமா? அனைத்துக்கும் குரோமிய முலாம் பூசிவிட்டால் தொல்லை ஒரேயடியாகத் தீருமா? கறுப்புப் பட்டைகளில் இருக்கும் பெயிண்டின் மேலேயே ஸ்பிரே அடிக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழம்பட்டறை எழுதியது:

தம்பி, விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். துணி சுத்தமாகவே இருந்தது என்றீர்களே, அந்த வரிதான் அது. வெற்று அலுமினியத்தில் எந்த உலோகப் பாலிஷை வைத்துத் தேய்த்தாலும் நான்கைந்து இழுப்பிலேயே துணி கறுக்கும். கறுக்கவில்லை என்றால் பாலிஷ் உலோகத்தைத் தொடவே இல்லை என்று பொருள். உங்கள் நீளப் பட்டைகள் முலாம் போனவை அல்ல, முலாமே இல்லாதவை. அவை அனோடைஸ் செய்யப்பட்ட அலுமினியம்.

அலுமினியத்தை அமிலத் தொட்டியில் நேர்மின்முனையாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சும்போது, அதன் மேற்பரப்பே அலுமினிய ஆக்ஸைடாக மாறி ஒரு படலமாக வளர்கிறது. 1923-இல் கடல் விமானங்களின் பாகங்களை உப்புநீர் அரித்துவிடாமல் காப்பதற்காகத் தொழிலளவில் பயன்பாட்டுக்கு வந்த முறை இது. பட்டைகளுக்குப் பயன்படும் கந்தக அமில முறைக்கு 1927-இல் காப்புரிமை பெறப்பட்டது. மாணிக்கமும் நீலக்கல்லும் வேதியியல்படி இதே ஆக்ஸைடுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், பாலிஷும் துணியும் ஏன் தோற்றன என்பது விளங்கும். நீங்கள் தேய்த்த வாட்டர் பேப்பரில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. அது இந்தப் படலத்தைவிடக் கடினமானது, ஆகவே வெட்டிவிட்டது. வெட்டிய இடத்தில் காவல் போய்விட்டதால், ஆறு வாரங்களில் அது மங்கியதில் வியப்பில்லை.

வெண்மைக்குக் காரணம் பெரும்பாலும் காரத்தன்மை மிகுந்த கழுவுதிரவங்கள். ஆக்ஸைடு படலம் ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையிலான பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவுக்குள்தான் நிம்மதியாக இருக்கும். அதற்கு மேலே போனால் கரையத் தொடங்கும். தாரை தாரையாக வழிந்த அடையாளம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அது யாரோ வலிமையான கழுவுதிரவத்தை அடித்துவிட்டு உடனே அலசாமல் விட்டதன் தடம். கறை படலத்தின் மேல் இல்லை, படலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே படலத்தை எடுக்காமல் கறை போகாது.

அடுத்து, காந்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். எவர்சில்வரில் எல்லா வகையும் காந்தத்துக்கு அடங்காதவை அல்ல. பாத்திரங்களில் அதிகம் காணப்படும் 304 வகையில் காந்தம் ஒட்டாது. கார்ப் பட்டைகளில் பரவலாகப் பயன்பட்ட 430 வகையில் நன்றாக ஒட்டும். முக்கோணச் சட்டத்தைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பாருங்கள். முலாம் பூசிய இரும்பாக இருந்தால் முப்பது ஆண்டுகளில் பின்புறம் துருவேறியிருக்கும். பின்புறமும் முன்புறத்தைப் போலவே சுத்தமான வெண்சாம்பல் நிறத்தில் இருந்தால் அது எவர்சில்வர், நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஐயம் தீர இன்னொரு சோதனை உண்டு. மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, இரு முள்களையும் பட்டையின் மேல் படுக்கவைத்தாற்போல் மெதுவாகத் தொடுங்கள். குத்தக் கூடாது, குத்தினால் கூர்முனை படலத்தைத் துளைத்துவிடும். அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மீட்டர் மௌனமாக இருக்கும். எவர்சில்வரிலும் குரோமியத்திலும் தொட்டவுடன் கூவும். வார்னிஷ் அடித்த பட்டையும் மௌனம் காக்கும் என்பதால், மறைவான இடத்தில் ஒரு துளி தின்னர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிசுபிசுத்தால் அது வார்னிஷ்.

அனைத்துக்கும் குரோமியம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அலுமினியத்தின்மேல் குரோமியம் பூச முடியாது என்பதில்லை. முதலில் துத்தநாகப் பூச்சு, பிறகு செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் குரோமியம் என்று அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். எங்கேனும் ஒரு கல் தெறித்து அடுக்கு உடைந்தால், நிக்கலும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்து மின்கலம்போல் வேலை செய்து உள்ளிருந்தே அரித்துவிடும். பட்டைகளைக் கழற்றாமல் எதையும் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீர்க்கால் பட்டைக்கு அடியில் என்ன காத்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவாவது கழற்றுங்கள்.

காரத்தொட்டி எழுதியது:

மேலே ஐயா சொன்னதற்குத் தொடர்ச்சியாக, படலத்தை எடுக்கும் முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன். வாட்டர் பேப்பரால் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே உள்ள அந்தப் படலம் ஓரிடத்தில் போய் இன்னோரிடத்தில் நிற்கும், படலம் எஞ்சிய இடத்தை நீங்கள் விரட்டிக்கொண்டிருக்கும்போது போன இடத்தில் உலோகம் தேய்ந்து பள்ளமாகிவிடும். காஸ்டிக் சோடா என்ற வலுவான காரம்தான் நேர்வழி.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் என்ற அளவு போதும். எப்போதும் தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கரையும்போதே அது கொதிக்கும் அளவுக்குச் சூடேறித் தெறிக்கும். கண்ணை முழுதும் மூடும் கண்ணாடியும் முழங்கை வரை எட்டும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இந்த வேலைக்கு அருகில் போகாதீர்கள். கண்ணில் பட்ட காரம் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். அலுமினியத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும்.

நீளப் பட்டைக்கேற்ற தொட்டி எளிதில் கிடைக்காது. அகலமான பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு முனைகளையும் மூடியால் அடைத்தால் நல்ல தொட்டி தயார்; பி.வி.சி.யைக் காரம் ஒன்றும் செய்யாது. அலுமினியத் தட்டையோ துத்தநாகம் பூசிய தகரத்தையோ பயன்படுத்தினால் பட்டையோடு தொட்டியும் கரையும். பட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர், கண்ணாடியைத் துடைக்கும் வெல்வெட் பட்டை, கிளிப்புகள் எல்லாவற்றையும் முதலிலேயே பிரித்தெடுத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது குமிழிகளைத்தான். போட்டவுடன் பெரிதாக ஒன்றும் நடக்காது. படலம் கரையும் வரை அமைதியாக இருக்கும். படலம் போய் வெற்று உலோகம் வெளிப்பட்டதும் பட்டையின் நீளம் முழுதும் பொடிக் குமிழிகள் ஒரே சீராகப் பொங்கும். அந்தக் கணமே வெளியே எடுத்து ஏராளமான தண்ணீரில் அலச வேண்டும். நேரக் கணக்கை நம்ப வேண்டாம். என் முதல் பட்டையைப் போட்டுவிட்டு, வந்த தொலைபேசி அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கரைசல் சூடேறிப் பொங்கிக்கொண்டிருந்தது. பட்டையின் நடுவே ஓடிய கூரான மடிப்புக்கோடு மழுங்கி, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் ஆகியிருந்தது. அந்தக் கோட்டை இன்றுவரை என்னால் மீட்க முடியவில்லை.

வெளியே எடுக்கும்போது பட்டை கரி பூசியதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். உலோகத்தில் கலந்திருந்த இரும்பு, செம்பு, சிலிக்கன் போன்றவை காரத்தில் கரையாமல் மேலே தங்கிய கசடு அது. பெரும்பகுதி ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிடும், மிச்சம் தேய்க்கும்போது போய்விடும்.

சக்கரம்சுற்றி எழுதியது:

படலம் எடுத்தபிறகு வரும் தேய்ப்பு வேலையைப் பற்றி என் பங்குக்கு.

பட்டைகளுக்கான அலுமினியம் மிகத் தூயது, சிறிதளவு மக்னீசியம் மட்டும் கலந்தது, அதனால் மென்மையானது. 400 எண் வாட்டர் பேப்பரைக் குழி விழுந்த இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை 600-இல் தொடங்கி 800, 1000, 1500 என்று சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைச் சற்றுச் சாய்த்து மாற்றினால், முந்தைய எண்ணின் கீறல்கள் போய்விட்டனவா என்பது வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். விரல் நுனியால் தேய்த்தால் விரலின் வடிவிலேயே வாய்க்கால் விழும். பட்டையின் வளைவுக்கேற்ற ஒரு ரப்பர் துண்டை அடியில் வைத்துத் தேய்ப்பது அவசியம். நான் பழைய செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி வைத்திருக்கிறேன், இதுவரை அதைவிட நல்லது கிடைக்கவில்லை.

மெருகேற்றச் சுழலும் துணிச்சக்கரமான பஃப்பிங் சக்கரத்தில்தான் எச்சரிக்கை தேவை. நீளமான மெல்லிய பட்டையைச் சக்கரத்தில் வைப்பது, சீறும் பாம்பின் வாலைப் பிடிப்பதற்குச் சமம். சக்கரம் உங்களை நோக்கி மேலிருந்து கீழாகச் சுழல வேண்டும். பட்டையை அதன் நடுமட்டத்துக்குக் கீழே மட்டும் தொட வேண்டும். சக்கரம் எப்போதும் பட்டையின் உடலிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி வெளியேற வேண்டுமே தவிர, விளிம்பை எதிர்கொண்டு வரக் கூடாது. எதிர்கொண்டால் ஒரே கவ்வுதான். ஒருமுறை என் கையிலிருந்த கதவுப் பட்டை கவ்வப்பட்டு, நான் கண்ணை இமைப்பதற்குள் பின்சுவரில் மோதி வில்லாக வளைந்து கிடந்தது. அது என் கழுத்துப் பக்கம் வந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டையையும் அதன் உள்வளைவுக்கேற்பச் சீவிய மரச்சட்டத்தின்மேல் பொருத்தி, முனைகளை இறுகக் கட்டிய பிறகே சக்கரத்துக்குக் கொண்டுபோகிறேன். மரம் வெப்பத்தில் நெளிவதையும் தடுக்கிறது. மெல்லிய அலுமினியம் ஓரிடத்திலேயே நின்று தேய்த்தால் சூடேறி வளைந்துவிடும். இந்த வேலைக்குத் துணிக் கையுறை போடுவதைவிட வெறுங்கையோடு செய்வதே நல்லது, ஏனெனில் சக்கரம் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

சக்கரத்தில் தடவும் மெருகுக் கட்டிகளில், அலுமினியத்துக்கு முதலில் பழுப்பு நிற மெழுகுக்கட்டி, பிறகு வெள்ளை. ஒரு கட்டிக்கு ஒரு சக்கரம் என்று ஒதுக்கிவிடுங்கள். முக்கோணச் சட்டம் எவர்சில்வராக இருந்தால் அதற்குப் பச்சை நிறக் கட்டி. எவர்சில்வரில் ஒடுங்கல் இருந்தாலும் கவலையில்லை. உருண்டை முனையுள்ள சிறு சுத்தியால் பின்புறமிருந்து மெல்லத் தட்டி, மேட்டை நுண்ணிய அரத்தால் சீவி, 320-இலிருந்து படிப்படியாக ஏறினால் தடமே தெரியாது. உலோகம் முழுதும் ஒரே பொருள் என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் அதற்கு மேலே பூச ஒன்றும் வேண்டாம். குரோமியம் பூசியதாக இருந்தால் மட்டும் வாட்டர் பேப்பரைத் தொடவே வேண்டாம். அந்தக் குரோமிய அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவானது, இரண்டு தேய்ப்பில் மஞ்சளான நிக்கல் எட்டிப் பார்க்கும்.

ஒளிப்பூச்சு எழுதியது:

எல்லோரும் பளபளப்பு வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். பளபளப்பை எப்படிக் காப்பது என்பதற்கு என் விடை எளிது: கடினமாக்கி கலந்து அடிக்கும் இரு கூறு கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்துவிடுங்கள். நான் அடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, பட்டைகள் நன்றாகவே இருக்கின்றன.

காரத்தொட்டி எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை, நண்பரே. உங்கள் கார் கூரைக்கு அடியில் நிற்கிறது என்று ஊகிக்கிறேன். கண்ணாடிபோல் தேய்த்த அலுமினியத்தில் பெயிண்ட் பற்றுவதற்குப் பிடிமானமே கிடையாது. பிடிமானத்துக்காகக் கீறினால் பளபளப்பு போய்விடும். இந்த முரண்பாட்டுக்கு வழியில்லை. விளிம்பில் ஒரு சிறு கல் பட்டு உடைந்தால் போதும், அங்கிருந்து ஈரம் நுழைந்து, கிளியர் கோட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து பரவும். அதற்குப் பிறகு மொத்தத்தையும் உரித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். என் இரண்டாவது காரில் பதினெட்டு மாதங்களில் அது நடந்தது.

சரியான விடை மீண்டும் அனோடைஸ் செய்வதுதான். அலுமினியம் காற்றுப்பட்டதும் தானாக உண்டாக்கிக்கொள்ளும் ஆக்ஸைடு சில நானோமீட்டர் தடிமனே உள்ளது. தொட்டியில் வளர்க்கும் படலம் 5 முதல் 10 மைக்ரான் வரை, அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆனால் பட்டறையில் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, அவர்கள் வழக்கமாகச் செய்யும் காரக் குளியலை இதற்குச் செய்யக் கூடாது. செய்தால் நீங்கள் வாரக்கணக்கில் ஏற்றிய மெருகு சில நிமிடங்களில் மங்கலாகிவிடும். மெழுகுப் பிசுக்கை மிதமான திரவத்தால் நீக்கினால் போதும். அடுத்து, மின்சாரம் பாய்வதற்காகப் பட்டையைக் கவ்வும் இடத்தில் படலம் வளராது, சிறு வடு நிற்கும்; ஆகவே ரப்பருக்குள் மறையும் உள்மடிப்பில் கவ்வச் சொல்லுங்கள். மூன்றாவது, எல்லாப் பட்டைகளும் ஒரே தொகுதியாக ஒரே தொட்டியில் இறங்க வேண்டும்.

அனோடைஸ் செய்ய வழியில்லை என்றால், நல்ல மெழுகை இரண்டு மூன்று மாதங்களுக்கொருமுறை பூசுவது கிளியர் கோட்டைவிட நேர்மையான வழி. மங்கினால் பத்து நிமிடம் பாலிஷ் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். உரிக்க எதுவும் இருக்காது.

மங்கியபட்டை எழுதியது:

மூன்று வார வேலைக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி, குறிப்பாகப் பழம்பட்டறை ஐயாவுக்கு. மல்டிமீட்டர் நீளப் பட்டைகளில் மூச்சுவிடவில்லை. முக்கோணச் சட்டத்தில் தொட்டவுடன் கூவியது. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்புறத்தில் துருவின் சுவடே இல்லை. எவர்சில்வர்தான். அதற்கு முலாம் பூசக் கிளம்பியிருந்த என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பட்டைகளைக் கழற்றுவதற்கு மட்டும் இரண்டு நாள்கள் ஆயின. கதவுப் பட்டையின் முனையில் ரப்பருக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருந்தது. அதைக் கவனிக்காமல் நெம்பியிருந்தால் பட்டை அங்கேயே மடங்கியிருக்கும். நல்லவேளையாக, ஒவ்வோர் அங்குலமாக மர ஆப்பை நகர்த்திக்கொண்டு வந்தபோது அது அசைய மறுத்ததால் நின்று பார்த்தேன். நீர்க்கால் பட்டைக்கு அடியில் ஐயா அஞ்சியது இருந்தது. கட்டைவிரல் நகமளவுக்கு இரண்டு இடங்களில் துரு கொப்பளித்திருந்தது. பட்டைக்குள் தேங்கிய மண்ணே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சுரண்டி, துருமாற்றித் திரவம் தடவி, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட்டேன்.

காரத் தொட்டியில் முதல் பட்டை ஒன்பதாவது நிமிடத்தில் பொங்கியது. எடுத்தபோது கரி படிந்த விறகுபோல் இருந்ததைப் பார்த்து, எச்சரித்திருந்தும் நெஞ்சு திக்கென்றது. கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தேன். கரிக்கு நடுவே வெள்ளிக்கோடு தெரிந்தது. அதன்பிறகு அச்சமில்லை. இதுவரை ஐந்து பட்டைகள் 1500 வரை வந்துவிட்டன. பஃப்பிங் சக்கரத்தைத் தவிர்த்துவிட்டுக் கையாலேயே பாலிஷ் போடுகிறேன். பளபளப்பு ஒரு படி குறைவுதான், கழுத்து இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். இடப்புறப் பின்கதவுப் பட்டை மட்டும் மற்றவற்றைப்போல் வெள்ளையாக வராமல் சற்றே ஈயநிறமாக நிற்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அப்படியே இருக்கிறது. கறுப்புப் பட்டைகளையும் இன்னும் தொடவில்லை.

கறுப்புவேலை எழுதியது:

கறுப்புப் பட்டைகளைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். உரியும் பெயிண்டின்மேல் அடிக்கும் பெயிண்ட், அடியிலிருப்பது எப்போது உரிகிறதோ அப்போது சேர்ந்து உரியும். நன்றாக ஒட்டியிருப்பதாகத் தோன்றும் பகுதியையும் விட்டுவைக்காமல், பெயிண்ட் நீக்கியைத் தடவி வெற்று உலோகம் வரை எடுத்துவிடுங்கள். பெயிண்ட் நீக்க உங்கள் காரத் தொட்டியைப் பயன்படுத்த வேண்டாம். அடியிலிருப்பது அலுமினியமா எவர்சில்வரா என்று தெரியும் முன்பே அதை அரிக்க விட்டுவிடுவீர்கள்.

வெற்று உலோகத்தை 320 எண் தாளால் சொரசொரப்பாக்கி, சிலிக்கானும் பிசுக்கும் போகும்படி துடைத்து, வெறும் விரல் படாமல் வைத்துக்கொண்டு எபாக்சி பிரைமர் அடியுங்கள். அமில பிரைமரும் உண்டு. ஆனால் அமில பிரைமர் அடித்த கையோடு அதன்மேல் எபாக்சி அடிப்பது பெரும்பாலும் ஒத்துவராது, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்குமேல் இரு கூறு அரைப்பளபளப்புக் கறுப்பை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்தால் போதும். இரு கூறு பெயிண்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை நுகர்வதால் வரும் ஆஸ்துமா பிறகு வாழ்நாள் முழுதும் விடாமல் போகலாம். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லையென்றால், அந்தப் பட்டைகளை மட்டும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள், அது தோல்வியாகாது. டப்பா ஸ்பிரேயில் வரும் ஒரு கூறு கறுப்பு கதவைச் சாத்தும் கைகள் படப்பட விரைவில் தேய்ந்துவிடும்.

அரைப்பளபளப்பில் பலரும் தவறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். சாதாரணப் பெயிண்டில் தூசி விழுந்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டு மறைக்கலாம். இதில் பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். தூசி விழுந்தால் காயவிட்டு, தேய்த்து, முழுப் பட்டைக்கும் இன்னொரு பூச்சு அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே தூசி கிளம்பாதிருக்க, அடிப்பதற்கு முன் தரையை நனைத்துவிடுங்கள்.

பழம்பட்டறை எழுதியது:

தம்பி, அந்த ஈயநிறப் பட்டையின் பின்புறத்தையும் மற்றப் பட்டைகளின் பின்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உருட்டிய கோடுகளோ முத்திரை எண்ணோ வேறாக இருந்தால், எப்போதோ ஒரு விபத்துக்குப் பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது வேறு கலவை உலோகம். தேய்ப்பதால் நிறம் மாறாது. அனோடைஸ் செய்தால் அந்த வேறுபாடு குறையாது, கூடும். ஆகவே அந்த ஒன்றுக்குச் சரியான மாற்றுப் பட்டை கிடைக்கும்வரை எதையும் தொட்டிக்கு அனுப்பாமல், எல்லாவற்றையும் மெழுகிலேயே வைத்திருங்கள். வெற்றுப் பட்டையை மீண்டும் பொருத்தும்போது அதன் உட்பக்கத்திலும் மெழுகு தடவுங்கள். இரும்புத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடங்களில் நைலான் வளையம் போட்டு, திருகுக்குச் சிறிது கிரீஸ் வையுங்கள். பழைய கிளிப்புகளைத் திரும்பப் போட வேண்டாம், அவை இறுக்கம் இழந்திருக்கும்.

மங்கியபட்டை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது சரி. மற்றவற்றின் பின்புறத்தில் அச்சிட்ட எண் இருக்கிறது. இதில் இல்லை, மடிப்பின் அகலமும் அரை மில்லிமீட்டர் குறைவு. வலப்புறத்தை நேற்று மாலை பொருத்தி முடித்தேன். இடப்புறத்துக்குக் கிளிப்புகள் இரண்டு குறைகின்றன. அவை வந்ததும் ஈயநிறப் பட்டையையும் மெழுகு பூசி அதே இடத்தில் மாட்டிவிடுகிறேன். மாற்றுப் பட்டை தேடும்போது அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போவேன்.